550 சதுர அடியில் மண்வீடு: மிச்சம் சுவரிலா, கூரையிலா?

செங்கம்சாலை | ஜனவரி 18

வணக்கம். திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகிற வழியில் தாத்தா விட்டுப்போன எட்டு சென்ட் நிலம் இருக்கிறது. அதில் 550 சதுர அடிக்கு ஒரு வீடு கட்டவேண்டும். அம்மா, நான், தம்பி என்று மூன்றே பேர். கையில் 9 லட்சம் உண்டு. முட்டி மோதினால் இன்னும் ஒரு லட்சம் புரட்டலாம். ஊரில் ஒரு காண்ட்ராக்டரைக் கேட்டதற்குச் சதுர அடி 2,300 என்றார். பெருக்கிப் பார்த்தால் 12 லட்சத்து 65 ஆயிரம் வருகிறது. செப்டிக் டேங்க், மோட்டார் எல்லாம் தனிக் கணக்காம்.

நிலத்தில் ஓர் ஆள் ஆழத்துக்குத் தோண்டினாலும் செம்மண்தான். இவ்வளவு மண்ணைக் காலடியில் வைத்துக்கொண்டு செங்கல்லுக்கு எதற்கு லாரி வாடகை கொடுப்பது என்று தோன்றுகிறது. கைமண் சுவர் (ஈர மண்ணைக் கையாலேயே அடுக்கி எழுப்புவது), பச்சைக்கல் (சுடாத மண்கல்), அழுத்திய மண்கல் (மெஷினில் அழுத்துவது) என்று மூன்று மாதமாக யூடியூபில் பார்த்து மண்டை காய்ந்துவிட்டது. எல்லா வீடியோவிலும் சிரித்துக்கொண்டே மண் மிதிக்கிறார்கள், செலவை மட்டும் யாரும் சொல்வதில்லை. கட்டியவர்கள், கட்டிக்கொடுத்தவர்கள் யாராவது சொல்லுங்களேன். பாதி விலையில் முடியுமா?

பழையகரணை | ஜனவரி 18

தம்பி, வீடியோவை நிறுத்திவிட்டு முதலில் மண்ணைப் பாருங்கள். 34 வருஷம் கொத்து வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

மேல்மண் ஒரு அடியை வழித்து ஒதுக்கிவிடுங்கள். வேரும் மக்கும் கலந்த மண் செடிக்கு நல்லது, சுவருக்கு ஆகாது. அதற்குக் கீழே எடுத்த மண்ணை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, மீதிக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். சரளையும் மணலும் உடனே அடியில் உட்காரும். அதன்மேல் வண்டல் படியும். களிமண் கலங்கலாகவே நின்று மறுநாள்தான் தெளியும். மூன்று அடுக்கையும் ஸ்கேல் வைத்து அளந்து இங்கே போடுங்கள்.

கரிசலாக இருந்தால் இந்த ஆசையே வேண்டாம் என்றிருப்பேன். அது மழைக்கு உப்பும், வெயிலுக்கு வாய் பிளக்கும். உங்களுக்குச் செம்மண், அந்தக் கவலை இல்லை.

குறுக்குக்கணக்கு | ஜனவரி 19

பாதி விலை என்கிற நினைப்பை இன்றைக்கே விட்டுவிட்டால் உங்களுக்கு நல்லது. சிவில் படித்தவன், சின்னச் சின்ன வீடுகள் பார்க்கிறவன். உங்கள் வீட்டுக்கே கணக்குப் போடுகிறேன்.

வெளிச்சுவர் சுற்றளவு 94 அடி. உள்சுவர் 40 அடி என்று வைத்துக்கொள்வோம். பத்தடி உயரத்துக்கு 1,340 சதுர அடி வரும். கதவு, ஜன்னலுக்கு 200 கழித்தால் 1,140. ஒன்பது அங்குலச் சுவர் என்றால் 855 கன அடி. கன அடிக்குப் பதின்மூன்றரை செங்கல் வீதம் ஏறக்குறைய 11,500 கல். கல் பத்து ரூபாய் என்றால் 1 லட்சத்து 15 ஆயிரம். சாந்து, கூலி எல்லாம் சேர்த்துச் சுவருக்கு மட்டும் இரண்டேகால் லட்சம் ஆகலாம். மொத்த வீட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட முழுதாக இல்லை.

அதனால் செங்கல்லை இலவசமாகவே கொடுத்தாலும் உங்கள் 12.65 லட்சம் 11.50 ஆகும், அவ்வளவுதான். மண் சுவருக்குக் கூலி கூடும் என்பதையும் மறக்கவேண்டாம். சுவர் கண்ணுக்குத் தெரிவதால் செலவெல்லாம் அதில்தான் என்று நினைக்கிறோம். உண்மையில் பணம் போவது கூரை, உள்ளும் புறமும் பூச்சு, பட்டி, பெயிண்ட், டைல்ஸ், கதவு நிலை, பாத்ரூம் சாமான், ஒயரிங். இதில் எதை விட மனசு வருமோ, அதில்தான் மிச்சம்.

மண்ணே வேண்டாம், செலவு குறைந்தால் போதும் என்றால் எலிப்பொறிக் கட்டு இருக்கிறது. செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது. லாரி பேக்கர் என்ற கட்டடக்கலைஞர் கேரளா முழுக்கக் கட்டிக் காட்டியது. கல்லில் நாலில் ஒரு பங்கு மிச்சம், நடுவில் காற்று நிற்பதால் சூடும் குறைவு. திருவனந்தபுரம் தம்பானூரில் சுருள் சுருளாக ஏறும் இந்தியன் காபி ஹவுஸ் அவர் கட்டியதுதான். கல்லூரி டூரில் போனபோது நான் கட்டடத்தைப் பார்க்காமல் கட்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது தனிக்கதை.

சும்மாபார்ப்பவன் | ஜனவரி 19

மண்வீடு கட்ட ஆசைப்பட்டுக் கடைசியில் கட்லெட்டில் வந்து நிற்கிறோம். தொடருங்கள்.

வேதாரண்யத்தாள் | ஜனவரி 20

கொஞ்சம் கசப்பாகத்தான் எழுதுவேன், கோபித்துக்கொள்ளவேண்டாம்.

நான் மண்வீட்டில் பிறந்து இருபத்திரண்டு வயசு வரை அதில் இருந்தவள். இங்கே பேசுவதைப் பார்த்தால் மண்வீடு என்றாலே குளுகுளு என்று இருக்கும் போலத் தோன்றுகிறது. குளுமை உண்மைதான். கூடவே சுவர் விரிசலில் தேள், கூரையில் எலி, அதைத் தேடி வரும் பாம்பு. வாரத்துக்கு ஒருநாள் சாணி கரைத்துத் தரை முழுக்க மெழுகவேண்டும். பொங்கலுக்கும் மழைக்கு முன்னாலும் சுவருக்கும் மண் பூசவேண்டும். அதைச் செய்தது யார்? அப்பாவோ அண்ணனோ ஒருநாளும் மெழுகியதில்லை. அம்மா மெழுகினாள், பிறகு நான். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சோற்றில் கை வைத்தால் எரியும்.

2018 நவம்பர் 16, கஜா. முதலில் கீற்றுக்கூரை போனது. சுவர் அப்போது விழவில்லை, நின்றது. அதன் தலையில் மழை நேராக இறங்கி, மூன்றாம் நாள் தெற்குச் சுவர் ஊறி அப்படியே உட்கார்ந்துவிட்டது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. தெருவில் காங்கிரீட் போட்ட வீடு இரண்டுதான், இரண்டும் நின்றன. நாங்கள் பள்ளிக்கூடத்தில் படுத்திருந்தோம்.

இன்றைக்கு எங்களுக்கு 400 சதுர அடியில் தார்சு வீடு. மே மாசம் அடுப்பாக எரிகிறது, தெரியும். ஆனாலும் மழை இரவில் தூங்குகிறேன். மண்வீட்டை ஆசைப்பட்டுக் கட்டுகிறவருக்கும் வேறு வழியில்லாமல் அதில் இருந்தவர்களுக்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கிறது. அதை மறந்துவிட்டுப் பேசவேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

செங்கம்சாலை | ஜனவரி 20

அக்கா, கோபிக்க ஒன்றுமில்லை. உங்கள் பதிவை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி, எனக்குச் சாணி கரைக்க உடம்பில் தெம்பு இல்லை" என்றார். மெழுகவேண்டிய தரை வேண்டாம் என்பது இப்போதே முடிவு.

பழையகரணை | ஜனவரி 21

வேதாரண்யத்து அம்மா எழுதியதில் எல்லாமே அடங்கிவிட்டது. அந்தச் சுவரைக் கொன்றது காற்று இல்லை, கூரை போனதுதான். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி சொல்வார்: "சுவரு நனைஞ்சா காஞ்சுக்கும். நனைஞ்சுக்கிட்டே இருந்தாத்தான் போயிரும்." மேலேயிருந்து இறங்கும் தண்ணீரைக் கூரை தடுக்கவேண்டும், கீழேயிருந்து ஏறும் ஈரத்தையும் தெறிக்கும் சாரலையும் கருங்கல் பேஸ்மட்டம் தடுக்கவேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் நடுவில் இருப்பது மண்ணா செங்கல்லா என்று மழைக்குத் தெரியாது.

இமாசலப் பிரதேசத்து ஸ்பிதியில் தாபோ மடாலயம் பச்சை மண் சுவர்தான், 996இல் கட்டியது, இன்றும் நிற்கிறது. அங்கே மழை குறைவு, அது வேறு விஷயம். நம் ஊரில் தாழ்வாரமும் திண்ணையும் அழகுக்கு வைத்தது இல்லை. சுவருக்குக் குடை பிடிக்கத்தான். இப்போது செலவு மிச்சம் என்று சன்ஷேடைக்கூட ஒன்றரை அடியில் நறுக்கிவிட்டு, மண் சுவர் கரைகிறது என்றால் என்ன செய்வது?

செங்கம்சாலை | ஜனவரி 23

பாட்டில் ரிசல்ட். மொத்தப் படிவு 12 செ.மீ. சரளை, மணல் சேர்ந்து 7. வண்டல் 2. களிமண் 3. மூன்று இடத்தில் எடுத்த மண்ணும் ஏறக்குறைய இப்படித்தான் வந்தது. சமையலறை மேடையில் மூன்று பாட்டிலை வரிசையாக வைத்ததில், அம்மா ஒன்றை ஏதோ கஷாயம் என்று நினைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார்.

குறுக்குக்கணக்கு | ஜனவரி 23

அருமையான மண். 58, 17, 25 சதவீதம். சிமெண்ட் கலந்து மெஷினில் அழுத்தும் கல்லுக்கு ஆரோவில் புவி நிறுவனம் சொல்கிற அளவு: சரளை 15, மணல் 50, வண்டல் 15, களிமண் 20. உங்களுக்குக் களிமண் ஐந்து அதிகம். நாலு கூடை மண்ணுக்கு ஒரு கூடை மணல் சேர்த்தால் 20க்கு இறங்கிவிடும்.

என் யோசனை: கைமண் வேண்டாம், அழுத்திய கல் போடுங்கள். சுடவேண்டியதில்லை, அதனால் விறகும் இல்லை புகையும் இல்லை. மண் எடையில் 5 சதவீதம்தான் சிமெண்ட். ஒரு கல் பத்துக் கிலோ என்றால் ஒரு மூட்டைக்கு ஏறக்குறைய நூறு கல் வரும். 24 செ.மீ. சதுரக் கல்லாகப் போட்டால் உங்கள் சுவருக்கு 4,200 சொச்சம் வேண்டும், 42 மூட்டை. ஐஎஸ் 1725 என்று இந்தக் கல்லுக்குத் தரக்குறிப்பே இருக்கிறது, 2013இல் திருத்தியும் போட்டார்கள். ப்ளான் கையெழுத்துக்குப் போகும்போது அந்த ஒரு வரி பெரிய உதவி.

பழையகரணை | ஜனவரி 23

கணக்கு சரி, ஆனால் பாட்டிலில் களிமண் தண்ணீரைக் குடித்து உப்பித் தெரியும், உண்மையில் அவ்வளவு இருக்காது. நாலுக்கு ஒன்று போட்டால் கல் பொடிய வாய்ப்புண்டு. ஆறுக்கு ஒன்றில் தொடங்கிப் பத்து மாதிரிக் கல் அடித்துப் பாருங்கள். கலவையில் ஈரம் சரியா என்று பார்க்க, ஒரு பிடி உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து தரையில் விடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் போதும். சப்பென்று ஒட்டினால் தண்ணீர் கூடிப்போயிற்று, தூளானால் போதவில்லை. கல் அடித்ததும் நிழலில் அடுக்கி, மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 28 நாள் கழித்துத்தான் சுவரில் ஏறவேண்டும். அவசரப்பட்டு ஏற்றினால் முதலில் உங்கள் மேல்தான் எனக்குக் கோபம் வரும்.

மார்த்தாண்டம்காரன் | ஜனவரி 24

உங்களுக்கு மண்ணை அழுத்தவேண்டியிருக்கிறது. எங்கள் பக்கம் பூமியே அழுத்திக் கொடுத்திருக்கிறது. வெட்டுக்கல்லைத் தரைக்குள் இருக்கும்போது மண்வெட்டியால்கூடச் செதுக்கலாம். வெளியே எடுத்துக் காற்றும் வெயிலும் பட்டபிறகு இறுகிவிடும். புக்கானன் என்ற வெள்ளைக்காரர் 1800இல் மலப்புறம் அங்காடிப்புரத்தில் இதைப் பார்த்துத்தான், 1807இல் வந்த தன் புத்தகத்தில் லேட்டரைட் என்று பெயர் வைத்தார். லத்தீனில் செங்கல் என்று அர்த்தமாம். ஊர்க்காரன் செங்கல் மாதிரி வெட்டுவதைப் பார்த்து வைத்த பெயர்.

ஆனால் ஒன்று. இப்போது சென்னையில் "இயற்கை வீடு" கட்டுகிறவர்கள் எங்கள் வெட்டுக்கல்லை லாரியில் எழுநூறு கிலோமீட்டர் கொண்டுபோகிறார்கள். ஐந்து மைலுக்குள் கிடைப்பதை வைத்து வீடு கட்டு என்று காந்தி சொன்னதைப் பேக்கர் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கணக்கில் அது இயற்கை வீடு இல்லை, டீசல் வீடு.

கடுக்காய் | ஜனவரி 25

காரைக்குடிப் பக்கம். கல் வேலையை அண்ணன் சொல்லிவிட்டார், நான் பூச்சு பற்றிச் சொல்கிறேன். என் பணம் போன கதையும் அதில்தான் இருக்கிறது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் தோட்டத்தில் பச்சைக்கல்லில் ஒரு அறை கட்டினேன். சுவர் நன்றாகவே வந்தது. பார்க்கிறவர்கள் எல்லோரும் மழைக்குத் தாங்காது என்று பயமுறுத்த, நானும் பயந்து வெளியே சிமெண்ட் பூச்சு அடித்தேன். ஒரு மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வருஷம் தட்டினால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். ஒருநாள் மத்தியானம் நான்கடிக்கு நான்கடி பாளம் அப்படியே கழன்று விழுந்தது. பின்னால் பார்த்தால் மண் சேறாக இருக்கிறது. மண் சுவர் ஈரத்தை வாங்கும், விடும். சிமெண்ட் விடாது. விரிசல் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நின்று சுவரைத் தின்றிருக்கிறது. மண்ணும் சிமெண்டும் வெயிலுக்கு ஒரே மாதிரி விரிவதும் இல்லை. பூச்சுக்கு ஆன செலவு 38 ஆயிரம், அதைக் கொத்தி எடுக்க இன்னொரு கூலி.

பிறகு சுண்ணாம்புக்கு வந்தேன். எங்கள் ஊர் வீடுகளில் பளிங்கு மாதிரி மின்னும் சுவர்ப்பூச்சு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது. அந்த அளவுக்குப் போகவில்லை. கல் சுண்ணாம்பை வாங்கித் தொட்டியில் நீற்றினேன். தண்ணீர் ஊற்றியதும் அது கொதிக்கும், நிஜமாகவே கொதிக்கும். பக்கத்தில் குழந்தைகளை விடாதீர்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். நீற்றியதைச் சலித்து, தண்ணீர் மூடி நிற்கிற மாதிரி மூன்று வாரம் ஊறவிட்டேன். எடுக்கும்போது தயிர்க்கட்டி மாதிரி இருந்தது. இன்னொரு பக்கம் கடுக்காயை உடைத்துக் கருப்பட்டியோடு தண்ணீரில் போட்டு வைத்தேன். நாலாம் நாள் நுரைத்தது, பத்தாம் நாள் கள்ளுக்கடை வாசனை. அந்தத் தண்ணீரை ஊற்றிச் சுண்ணாம்பும் மணலும் குழைத்தால் கரணையில் வெண்ணெய் மாதிரி இழுபடும். பூசியபின் அவசரமே கூடாது. சிமெண்ட் தண்ணீரைக் குடித்து இறுகும். சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவை வாங்கித்தான் திரும்பக் கல்லாகும். அதற்கு மாசக்கணக்கில் ஆகும். நாலு மழை பார்த்துவிட்டது, மேல்பகுதியில் மயிரிழை விரிசல் இரண்டு, அவ்வளவுதான்.

செங்கம்சாலை தம்பி, அழுத்திய கல்லுக்கு வெளிப்பூச்சே தேவையில்லை. உள்ளே மட்டும் சுண்ணாம்பு பூசுங்கள்.

மாடித்தோட்டம் | ஜனவரி 26

லோன் பற்றி யாரும் பேசவில்லையே. போன வருஷம் நாங்கள் ஒரு வங்கிக்குப் போனோம். ப்ளானில் "மண்" என்ற வார்த்தையைப் பார்த்ததுமே மேனேஜர் ஃபைலை மூடிவிட்டார். கச்சா வீட்டுக்குக் கடன் கிடையாது என்றார். சிமெண்ட் கலந்த கல், தரக்குறிப்பு இருக்கிறது, இன்ஜினியர் கையெழுத்து இருக்கிறது என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர் "சாயில் சிமெண்ட் பிளாக்" என்று மாற்றி எழுதி வேறு கிளைக்குக் கொண்டுபோனார். கடன் கிடைத்தது. கல் அதே கல்தான்.

குறுக்குக்கணக்கு | ஜனவரி 26

சிரித்துவிட்டேன், ஆனால் உண்மை. அரசுத் திட்டத்திலும் மனசு காங்கிரீட்டில்தான் இருக்கிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.50 லட்சம், 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் காங்கிரீட் தளம் போடவேண்டும். வேதாரண்யம் அக்கா எழுதியதைப் படித்தபிறகு அதைக் குறை சொல்லவும் நாக்கு வரவில்லை.

கூரைக்கு நடுவழி ஒன்று சொல்கிறேன். ஃபில்லர் ஸ்லாப். தளத்தில் வளைவு விழும்போது கீழ்ப்பக்கம் இழுபடும், அந்த இழுவையைக் கம்பிதான் தாங்குகிறது. அங்கே இருக்கும் காங்கிரீட் பெரும்பாலும் சும்மா எடைதான். அந்த இடத்தில் பழைய சீமை ஓடுகளை இரண்டு இரண்டாகக் கவிழ்த்து வைத்துவிட்டு மேலே ஊற்றினால் காங்கிரீட் குறையும், எடை குறையும், அதனால் கம்பியும் குறையும். ஓட்டுக்குள் காற்று நிற்பதால் மே மாசமும் கொஞ்சம் பரவாயில்லை. கீழேயிருந்து பார்த்தால் கட்டம் கட்டமாக ஓடு தெரியும், பூச்சு வேண்டாம். ஒன்றே ஒன்று: கம்பி இடைவெளியை இன்ஜினியரிடம் டிசைன் வாங்கிச் செய்யுங்கள். சென்ட்ரிங் ஆள் தன் இஷ்டத்துக்கு ஓடு அடுக்கக்கூடாது.

சும்மாபார்ப்பவன் | ஜனவரி 27

கரையான்? எங்கள் வீட்டில் ரேஷன் கார்டையே தின்றது.

பழையகரணை | ஜனவரி 27

கரையான் மண்ணைத் தின்னாது, மண் வழியாகப் போய் மரத்தைத் தின்னும். அதனால் மண் சுவரைவிட அதில் பதிக்கும் நிலைக்கதவுதான் பயம். பேஸ்மட்டத்துக்கு மேலே நாலு பக்கமும் விடாமல் ஒரு காங்கிரீட் பட்டை போடவேண்டும். அது ஈரத்தையும் தடுக்கும், கரையானுக்கும் சுலபமாக வழி விடாது. வீட்டைச் சுற்றி விறகு, பழைய பலகை சாய்த்து வைக்கக்கூடாது. ரேஷன் கார்டுக்கு என்னிடம் மருந்து இல்லை.

செங்கம்சாலை | ஏப்ரல் 29

நடுவில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். நிலவரம் இது.

பிப்ரவரியில் ஆரோவில் போய்ப் பார்த்தோம். பார்வையாளர் மையம் முழுக்க அழுத்திய மண்கல், வளைவுகள் எல்லாமே அதில்தான். 1992இல் ஏழைகளுக்கான கட்டடக்கலை என்று எகிப்தியக் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தி பெயரில் உள்ள விருது வாங்கிய கட்டடம் அது. அம்மா சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "பூசாமலேயே இப்படி வருமா?" என்று மூன்று முறை கேட்டார். அதன்பிறகு வீட்டில் எதிர்ப்பு இல்லை.

கை மெஷின் வாடகைக்கு எடுத்தோம். ஆறு பேர், அதில் நானும் தம்பியும் இருவர். முதல் நாள் 140 கல், அதில் முப்பது மூலை உடைந்தவை. நாலாம் நாளிலிருந்து 350க்குக் குறையவில்லை. மெஷின் கைப்பிடியில் தொங்கித் தொங்கி என் இரண்டு உள்ளங்கையும் போனது. ஆறுக்கு ஒன்று மணல்தான் சரியாக வந்தது, ஐயா சொன்ன மாதிரியே. மண் எடுத்த இடம் பத்துக்குப் பத்து, ஏழடி ஆழக் குழியாக நிற்கிறது. அதை மூடவில்லை. கல் கட்டி மழைநீர்த் தொட்டியாக்கப் போகிறேன், ஏறக்குறைய இருபதாயிரம் லிட்டர் பிடிக்கும்.

கல்லெல்லாம் 28 நாள் ஈரச் சாக்குக்குள் இருந்தன. ஊரில் ஆளாளுக்கு வந்து, "என்னப்பா, கல்லுக்குக் காய்ச்சலா?" என்று விசாரித்தார்கள். இப்போது சுவர் ஜன்னல் மட்டத்தைத் தாண்டிவிட்டது.

கூரையில்தான் சண்டை. எனக்கு முழுக்கச் சீமை ஓடு, பனங்கையில் (பனைமரச் சட்டத்தில்) போட ஆசை. அம்மா ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்: "வடகம் எங்கே காயவைக்கிறது?" அதனால் அறைகள் 350 சதுர அடிக்கு ஃபில்லர் ஸ்லாப், படி வைத்து மாடி. முன்னும் பக்கமும் 200 சதுர அடித் தாழ்வாரத்துக்கு மட்டும் ஓடு. பனங்கைக்கு வைரம் பாய்ந்த முதிர்ந்த பனை வேண்டும் என்றார்கள். பக்கத்து ஊரில் இடித்த வீட்டிலிருந்து பழசே கிடைத்தது. கரி மாதிரி கறுத்து, ஆணி இறங்காமல் ஆசாரியைத் திட்டவைத்தது.

பழையகரணை | ஏப்ரல் 29

பழைய பனங்கை கிடைத்தது யோகம். ஆணி அடிக்காதீர்கள், துளை போட்டு முடுக்குங்கள். அம்மா கேட்ட கேள்வியை இன்ஜினியர்களும் கேட்டுப் பழகலாம்.

செங்கம்சாலை | டிசம்பர் 3

குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. முதல் மழைக்காலமும் பெரும்பாலும் முடிந்துவிட்டது. கேட்டவர்களுக்காகக் கணக்கு.

மொத்தம் 10 லட்சத்து 20 ஆயிரம். செப்டிக் டேங்க், மோட்டார் இதில் சேராது. காண்ட்ராக்டர் சொன்னதைவிட 2 லட்சத்து 45 ஆயிரம் குறைவு. எனக்குச் சுவரில் மிச்சம் 40 ஆயிரம்கூட இல்லை, மெஷின் வாடகையும் கூலியும் தின்றுவிட்டன. வெளிப்பூச்சு, பெயிண்ட் இல்லாததில் ஏறக்குறைய 80 ஆயிரம். டைல்ஸுக்குப் பதில் ரெட் ஆக்சைடு தரை. பழைய கதவு, பழைய ஓடு, பழைய பனங்கை. மீதி நானும் தம்பியும் கொடுத்துக்கொள்ளாத கூலி. அதையும் சேர்த்தால் மிச்சம் ஒன்றரை லட்சம்தான் இருக்கும். மூன்று மாதத் தாமதத்துக்கு வாடகை கட்டினேன், அது தனி வயிற்றெரிச்சல். 38 வயசில் இடுப்புப் பிடிப்பு வேறு.

மே மாசம் எப்படி என்று இன்னும் தெரியாது. செப்டம்பர் வெயிலில் மத்தியானம் ஃபேன் போடாமல் அம்மா தூங்கினார்.

ஒரு தப்பு நடந்தது. மாடித் தண்ணீர் விழும் பைப்பை மேற்குப் பக்கம் ஒரு சாண் நீளத்துக்குத்தான் விட்டிருந்தார்கள். நவம்பரில் இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில் தண்ணீர் காற்றுக்குத் திரும்பிச் சுவரின் ஒரே இடத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் பார்த்தால் ஒரு கல்லில் என் சுண்டுவிரல் நுனி போகிற அளவுக்குப் பள்ளம். மற்ற மூன்று பக்கமும் சாரல் பட்ட சுவர் நிறம்தான் கொஞ்சம் கறுத்திருந்தது, காய்ந்ததும் பழையபடி. ஐயாவின் மேஸ்திரி சொன்னது அப்படியே என் சுவரில் எழுதியிருந்தது. பைப்பை இரண்டடி நீட்டி, பள்ளத்தை அதே மண்ணில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து அடைத்துவிட்டேன். உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும்.

கடுக்காய் | டிசம்பர் 3

அடைத்த இடத்தை ஒரு வாரம் ஈரத் துணியால் மூடி வைத்திருக்கவேண்டும். வைத்தீர்களா?

செங்கம்சாலை | டிசம்பர் 3

இல்லையே. இப்போது போய் வைக்கிறேன்.

வேதாரண்யத்தாள் | டிசம்பர் 4

தம்பி, வீடு நன்றாக இருக்கட்டும். பைப்பு விஷயத்தை மறைக்காமல் எழுதியது பிடித்தது. மண்வீடு என்றால் எனக்கு இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது.

ஆனால் என் பழைய கேள்விக்கு முழுப் பதில் வரவில்லை. தரை ரெட் ஆக்சைடு, சரி. உள்சுவர் சுண்ணாம்பு என்கிறீர்கள். வருஷா வருஷம் அதற்கு வெள்ளை அடிக்கவேண்டாமா? அது யார்?

செங்கம்சாலை | டிசம்பர் 4

நானும் தம்பியும்தான் அக்கா. பொங்கலுக்கு முதல் வெள்ளை. சுண்ணாம்பு வாங்கி நீற்றியும் வைத்தாகிவிட்டது.

வேதாரண்யத்தாள் | டிசம்பர் 4

அப்படியா. போகிக்கு ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். வெள்ளையடிக்கிற மட்டை யார் கையில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும்.